பச்சை நாடா

குதிரைக்குக் கேரட் கொடுப்பதானால் நீளவாக்கில் நறுக்க வேண்டும் சார். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். செல்லிக்கு நான்தான் நறுக்குவேன். ஒருநாளும் அவள் இருமியதில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த டாக்டர் செய்த தப்பு என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். இரண்டு பேருமே இல்லை. பாவம், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ரேஸ் பதிவில் அவள் பெயர் ஆம்பர் ரெயின். லாயத்தில் செல்லி. நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. நான் மறைமலை நகரில் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டுக் குதிரைக்காரனாக வந்து சேர்ந்தபோது அவள் ஒரு வயதுக் குட்டி. என் தம்பி டெனிஸ்தான் அவள்மேல் முதலில் ஏறியவன். கிண்டியில் முதல் ஓட்டத்தில் கடைசியாக வந்தாள். அடுத்ததில் ஜெயித்தாள். ஊட்டி சீசனிலும் ஜெயித்தாள். அவளுக்குச் சாட்டை தேவையில்லை. டெனிஸ் காதருகே குனிந்து “போலாமா செல்லி” என்பான், அவ்வளவுதான்.

நாலு வயதில் இடது முன்னங்கால் கெட்டது. ரேஸ் அன்று காலை டெனிஸ் தொட்டுப் பார்த்தான்.

“அண்ணா, காலு சூடா கீது. இன்னிக்கு வேணாம்னு சார்கிட்ட சொல்லு.”

சொன்னேன். முதலாளி ஷ்யாம்சுந்தர் சிரித்தார். “கடைசி ரேஸ் யேசு. அப்புறம் குட்டி போடத்தானே போறா? ஐஸ் வச்சு சூட்டை எறக்கு. செக் பண்றவங்க தொட்டா தெரியக் கூடாது.”

காலை ஐஸ் வாளிக்குள் நிறுத்தினோம். வாளியைப் பிடித்தது நான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் வேறென்ன செய்வான்.

கடைசி வளைவில் அந்தக் கால் மடங்கியது. டெனிஸ் விழுந்தான். பின்னால் வந்த குதிரைகள் அவன் முதுகில் ஏறிப் போயின. இடுப்புக்குக் கீழே இப்போது அவனுக்கு எதுவும் தெரியாது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆப்பிள் வாங்கி வந்தார். கட்டிலருகே நின்று, “ஒரு நல்ல சேதி யேசு. செல்லி பொழச்சிக்கிட்டா. இனிமே ஓடத்தான் முடியாது, பிரீடிங்குக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையாம்” என்றார். டெனிஸ்கூடச் சந்தோஷப்பட்டான். நான் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முடிவு செய்தேன்.

பெருங்களத்தூர் தாண்டி அவருக்கு ஒரு பண்ணை இருக்கிறது. செல்லியோடு என்னையும் அங்கே அனுப்பினார். முதல் இரண்டு வருஷம் சினை தங்கவில்லை. இந்தத் தடவை புனே பக்கம் கொண்டுபோய்ப் பெயர்பெற்ற ஒரு பொலிகுதிரையோடு சேர்த்தார்கள், தங்கிவிட்டது. மனிதர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். திருநீர்மலையில் செல்லி பெயருக்கு அர்ச்சனை செய்தார். நட்சத்திரம் கேட்டார்களாம், தன்னுடையதையே சொல்லிவிட்டாராம். அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படி ஆகட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சினைப்பட்ட குதிரைக்கு உள்ளே அழுக்கு போகாமலிருக்கப் பிறப்பு வாயின் மேல்பகுதியைத் தைத்து மூடுவார்கள். தோல் ஒட்டிக்கொள்ளும். பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அதை வெட்டித் திறந்துவிட வேண்டும். எங்கள் பண்ணைக்கு இரண்டு டாக்டர்கள் மாறி மாறி வருவார்கள். யார் திறந்தாலும் தலைக்கயிற்றில் பச்சை நாடா கட்டிவிட்டுப் போவார்கள், மற்றவர் பார்த்துத் தெரிந்துகொள்ள. சினைக் குதிரையின் பின்பக்கத்தை வீணாகத் தொடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. நாடா இருந்தால் யாரும் வாலைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

செல்லிக்கு நாடாவைக் கட்டியது நான். வேறெதுவும் செய்யவில்லை.

நேற்றுக் காலை அவளுக்கு வியர்க்க ஆரம்பித்ததும் முதலாளிக்குப் போன் செய்தேன். மடிப்பாக்கத்திலிருந்து பறந்து வந்தார், குளிக்கக்கூட இல்லை. செல்லி நின்றபடியே இருந்தாள். புது ஆள் பக்கத்தில் இருந்தால் குதிரை பிரசவத்தைத் தள்ளிப்போடும். நான் உள்ளே போய்க் கழுத்தைத் தடவி, “போலாமா செல்லி” என்றேன். படுத்துக்கொண்டாள்.

தைத்த இடம் திறக்காமலே இருந்ததால் குட்டியின் கால் வெளியே வர வழியில்லாமல் வேறு பக்கம் கிழித்துக்கொண்டு வந்தது. அதற்குமேல் நீங்கள் போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

“யேசு, எதுனா பண்ணு யேசு” என்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். வைக்கோலில் மண்டி போட்டிருந்தார்.

“டாக்டருக்குச் சொல்லிட்டேன் சார், வந்துகினே இருக்காரு” என்றேன். சொல்லவில்லை. கத்தரிக்கோல் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வெட்டு போதும். முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தானே இத்தனை வருஷம்.

குட்டி உள்ளேயே மூச்சு முட்டிச் செத்தது. செல்லி மத்தியானம்வரை இருந்தாள். தலையை என் மடியில்தான் வைத்திருந்தாள். அவரிடம் போகவில்லை.

சாயங்காலம் பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். டெனிஸ் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் காத்திருந்தான். சினை தங்கியதிலிருந்து தினமும் இதே கேள்விதான் அவனுக்கு.

“அண்ணா, இன்னா, போட்டுட்டாளா?”

“போட்டுட்டா. பொண்ணு.”

“அவள மாரியே கீதா?”

“நெத்தியில அதே வெள்ளை.”

அது பொய்யில்லை. துடைத்துப் பார்த்தேன், இருந்தது. அவன் வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்தாவது கூட்டிப் போகச் சொன்னான். தானே கேரட் தர வேண்டுமாம்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். என் தம்பிக்காகத்தான் செய்தேன். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.