அண்ணி படிக்காத வாக்கியம்

எனது பெயரும் தந்தையின் பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பது சரியே. வயது முப்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. மேற்படி முகவரியில் உள்ள வீட்டின் மாடி அறையில் நானும், கீழே என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள் ஆகியோரும் வசித்து வருகிறோம். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். நூற்பாலை அருங்காட்சியகத்தில் கண்ணாடியை உடைத்ததாகவும் காவலாளியைத் தாக்கியதாகவும் பதிவான இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருப்பவர் என் அண்ணி. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை. நானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பதிப்பகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கைபேசிச் செயலிகள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் ஒலிப் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். நிறுவனத்தைத் தொடங்கியவரை நாங்கள் கேப்டன் என்று கூப்பிடுவோம். முதல் நாளே தன்னை சார் என்று கூப்பிடக் கூடாது என்று அவர் சொன்னதால் அந்தப் பெயர் வந்தது. அது வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு பதிப்பகத்தின் குழந்தைக் கதைகளைச் செயலியாக்கும் வேலை வந்தது. வாசிக்க வந்தவர்கள் எல்லோரும் பாடம் ஒப்பிப்பது போல வாசித்தார்கள். அதன் பிறகு நான் அண்ணியை அழைத்துப் போனேன். அண்ணி திருமணத்துக்கு முன்பு பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவர். நாங்கள் அலமாரிகளுக்கு நடுவில் போர்வைகளைத் தொங்கவிட்டு அதற்குள் அவரை உட்கார வைத்தோம். கீழே பல் மருத்துவரின் டிரில் சத்தம் கேட்டால் அண்ணி ஒரு விரலை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார். சத்தம் நின்றதும் கதையில் வரும் நரி விட்ட இடத்திலிருந்து அதே குரலில் பேச ஆரம்பிக்கும். அந்தச் செயலி நன்றாகப் போனது. அதை வைத்துத்தான் எங்கள் நிறுவனம் காலூன்றியது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு, ஒருவரின் பதிவுகளைக் கொடுத்தால் அவர் குரலிலேயே எதை எழுதினாலும் பேசும் மென்பொருள் ஒன்றைக் கேப்டன் வாங்கினார். அதற்குக் கதைப் பதிவுகள் போதவில்லை. மொழியின் எல்லா ஒலிகளும் வரும்படி எழுதிய தனி வாக்கியங்களை அண்ணி படிக்க வேண்டியிருந்தது. விவரத்தைச் சொன்னால் அவர் யோசிப்பார், யோசித்தால் நாளாகும் என்று கேப்டன் சொன்னார். நானும் தலையாட்டினேன். புது மைக் வந்திருக்கிறது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னது நான்தான்.

அவர் மதிய வேளைகளில் வந்து அவற்றைப் படித்துக் கொடுத்தார். 'ஞாயிற்றுக்கிழமை யானைக்கு ஔடதம் கொடுத்தவர் குடையை மறந்தார்' என்பது போன்ற வாக்கியங்கள். சிரிப்பை அடக்க முடியாமல் பாதியில் நிறுத்துவார். வீட்டிலும் மகளிடம் அதைச் சொல்லிக் காட்டி, யானைக்குக் காய்ச்சலா வயிற்றுவலியா என்று இருவரும் வாதம் செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

குரல் தயாரானது. முதல் முறை அது பேசியபோது அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அண்ணியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நூற்பாலை அருங்காட்சியக வேலை வந்தது. மூடிக் கிடந்த ஆலையை அதன் உரிமையாளர் குடும்பத்தின் அறக்கட்டளை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தது. அறக்கட்டளை மேலாளரின் குழந்தை எங்கள் கதைச் செயலியைக் கேட்டுத்தான் தூங்கும் என்பதால் அந்தக் குரலே வேண்டும் என்றார்கள்.

அது எந்த ஆலை என்பது எனக்குத் தெரியும். அண்ணி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஆலையில் தீப்பிடித்து அவருடைய அம்மா இறந்துபோனார். அண்ணியின் அப்பாவும் அதே ஆலையில் பொதி கட்டும் கொட்டகையில் வேலை செய்தவர். வேலை நேரத்தில் பெண்கள் வெளியே போகக் கூடாது என்பதற்காக நூற்புப் பிரிவின் கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பார்கள் என்றும், தீப்பிடித்த அன்று சாவி வைத்திருந்தவரைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும், விசாரணையிலும் அப்படித்தான் முடிவானது என்றும் ஒரு முறை துணி மடித்துக்கொண்டே அண்ணி என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்தபோது எல்லாத் துணிகளையும் மடித்து முடித்திருந்தார். அதன் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆகவே வேறு குரல் வைக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேப்டனிடம் காரணம் சொல்ல வேண்டும். அண்ணியிடம் அனுமதி கேட்கலாம் என்றால் மைக் சோதனை என்று சொன்ன பொய்யை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

அறக்கட்டளையிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் உரிய விளக்கம் எழுத்தில் வந்தது. அதைக் குரலாக மாற்றி, கேட்டு, உச்சரிப்பைத் திருத்துவது என் வேலை. தீ விபத்தைப் பற்றிய அறையின் விளக்கத்தில், 'நூற்புப் பிரிவின் கடைசி அறையில் வேலை செய்த பெண்களின் கவனக்குறைவால் தீ மூண்டது' என்று இருந்தது. பூட்டிய கதவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணியின் அம்மா வேலை செய்தது அந்தக் கடைசி அறையில்.

நான் அதைப் படித்தேன். அண்ணியின் குரலில் கேட்கவும் செய்தேன். 'பெண்களின் கவனக்குறைவால்' என்ற இடத்தில் குரல் மூச்சு விடாமல் ஓடியதால் இயந்திரம் பேசுவது தெரிந்தது. அதனால் 'பெண்களின்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு சிறிய இடைவெளி சேர்த்தேன். அதன் பிறகு அது துக்கத்தோடு சொல்வது போல ஒலித்தது. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பக்கமாக வந்த கேப்டன் நின்று கேட்டுவிட்டு, தொண்டை அடைக்கிறது என்று பாராட்டினார். தீ அப்படிப் பிடிக்கவில்லை என்று நான் கேள்விப்பட்டிருப்பதாக அவரிடம் சொன்னேன். அதற்கு அவர், "நாம எழுதறவங்க இல்லம்மா, படிச்சுக் குடுக்கறவங்க" என்றார். நான் அடுத்த அறைக்கான வேலைக்குப் போய்விட்டேன்.

திறப்பு விழாவுக்கு, இறந்தவர்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அண்ணியின் அப்பாவுக்கும் அழைப்பு வந்தது. கூட்டமாக இருக்கும், இன்னொரு நாள் போகலாம் என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். நான் கூச்சப்பட்டு அப்படிச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நம் வீட்டுப் பெண் செய்த செயலி என்று அப்பாவிடம் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டை அணிவித்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் நுழைவாயில் மேசையில் ஹெட்ஃபோன்கள் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவருக்கு மாட்டத் தெரியாததால் என் கையாலேயே அவர் காதில் மாட்டிவிட்டேன். தனக்கு வேண்டாம், அப்பா கேட்டுத் தனக்குச் சொல்லட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அவர்கள் உள்ளே போனதும் மேசையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் பின்னால் போனேன். முதல் அறையில் பெரியவர் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. தன்னிடம் சொல்லாமல் மகள் ரகசியமாக வாசித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார் போலும். மகளின் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே அடுத்தடுத்த அறைகளுக்கு நடந்தார். அண்ணிக்கு விஷயம் புரியவில்லை. அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்று அவரும் சிரித்தார்.

தீ விபத்து அறைக்கு வந்ததும் பெரியவர் நின்றார். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எப்பம்மா படிச்சே?" என்று கேட்டார்.

எதை என்று அண்ணி கேட்டார்.

"கவனக்குறைவுன்னு சொல்றியே. உங்கம்மாவையா சொல்றே?"

"நான் எதையும் படிக்கலப்பா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அண்ணி ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்து முழுவதையும் கேட்டார். அதே நேரத்தில் அந்த அறையின் ஒலிபெருக்கியிலும் அது ஓட ஆரம்பித்தது. அங்கே இருந்த மற்றக் குடும்பத்தினர் சிலர் ஒலிபெருக்கியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள், "எங்கம்மாவும் உங்கம்மா கூடத்தானே இருந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அண்ணி அருங்காட்சியக மேலாளரிடம் இதை நிறுத்துங்கள் என்று கேட்டார். தானாக ஓடுவது, முடியும்வரை நிறுத்த முடியாது என்று அவர் சொன்னார்.

அது உண்மையல்ல. அறை ஒலிபெருக்கிகளை நிறுத்தும் வசதி என் கைபேசியில் இருந்தது. கைபேசி என் கையில் இருந்தது. நிறுத்தினால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று நான் நிறுத்தவில்லை. கதவோரமாக நின்றேன்.

அதன் பிறகு அண்ணி அங்கே காட்சிக்கு வைத்திருந்த, பஞ்சுப் பொதி நிறுக்கும் எடைக்கல்லைத் தூக்கி, ஒலிபெருக்கி இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டார். ஒரு முறைதான் போட்டார். யாரையும் தாக்கவில்லை. ஓடி வந்த காவலாளி வழுக்கி, உடைந்த கண்ணாடியின் மேல் கையை ஊன்றியதால் அவர் உள்ளங்கை கிழிந்தது. அண்ணி உடனே கீழே உட்கார்ந்து தன் கைக்குட்டையால் அவர் கையைக் கட்டிவிட்டு, நரம்பு ஏதாவது அறுந்திருக்கிறதா, விரலை மடக்கிப் பாருங்கள் என்று கேட்டார். இதைக் காவலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒலிபெருக்கி உடையவில்லை. அண்ணியைக் காவலர்கள் அழைத்துப் போன பிறகும் அவர் குரல் அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் அண்ணன் ஜாமீன் எடுத்து அண்ணியை வீட்டுக்கு அழைத்து வந்தார். கேப்டன் எனக்குத் தொலைபேசியில் பேசி, அண்ணி வாய்மொழியாகச் சம்மதம் தந்தார் என்று நான் சொல்லிவிட்டால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும் என்றும், எப்படியும் வீட்டு ஆள்தானே என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

மைக் சோதனை என்று சொன்னது பொய் என்பதை அன்று மாலை அண்ணியிடம் ஒப்புக்கொண்டேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி என்னை ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதைப் போடறதுக்கு முன்னாடி நீ கேட்டியா?"

"இல்ல அண்ணி. மொத்தமா வந்துச்சு, மொத்தமா போட்டுட்டேன்."

"அதானே. கேட்டிருந்தா நீ விட்டிருக்க மாட்டே."

அதன் பிறகு அவர் தன் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி, நாத்தனாருக்கு எதுவும் தெரியாது, அவளை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னார். வக்கீலிடமும் அதையே சொல்லியிருக்கிறார். பழைய ஆலைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்து சத்தம் போட்டவர்களிடம், என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார். எனக்கு வயது முப்பத்தொன்று என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு, குரலை அழித்துவிட வேண்டும் என்று நான் அலுவலகம் போனேன். அழிப்பதற்கு முன்பு, 'எனக்கு எல்லாம் தெரியும், பரவாயில்லை' என்று எழுதி அதைப் பேச வைத்துக் கேட்டேன். நன்றாக வந்தது. எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. இதை யாரும் பார்க்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. வழக்குக்குத் தேவையில்லை என்றாலும் இதை எழுதிக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அதன் பிறகு என்னிடம் இருந்த குரலை அழித்தேன். கேப்டனிடம் வேறொரு பிரதி இருக்கிறது. அது இன்னும் வேலை செய்கிறது.

அருங்காட்சியகத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னது என் அண்ணி அல்ல. அவர் சம்மதம் தரவும் இல்லை. அதை அவர் குரலில் சொல்ல வைத்தது நான். என்ன சொல்கிறது என்று தெரிந்தே, கேட்டே செய்தேன்.

இன்று என்னுடன் அண்ணியும் வந்திருக்கிறார். தனியாகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று வீட்டு வேலைகளைப் போட்டுவிட்டு வந்து, இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து இதை அவரிடம் சொல்ல மூன்று தடவை முயன்றேன். வாய் வரவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவது வழக்கம் என்று எழுத்தர் சொன்னார். அப்படிப் படிக்கும்போது கதவைச் சாத்தாமல், வெளியே கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் கதவு திறந்து வைக்கப்பட்டது.

மேலே எழுதியிருப்பதை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. எதுவும் உண்மைக்கு மாறானது இல்லை.

(ஒப்பம்)