கண்ணை மூடாத பெல்ட்

தொழிலாளர் எழுதிக் கொடுத்த குறைக்குக் கம்பெனி ஒரு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மணியடிச்சா ஒரு நிமிஷம் கண்ண மூடி மூச்ச கவனிக்கணும்னாங்க. நாங்க மூடிக்கினோம். ஷூ ஓடற பெல்ட்டு மூடலக்கா," என்றாள் இளையவள்.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"கண்ண தொறந்தா நாலு ஜோடி என்ன தாண்டி போய்ட்டிருக்கு. இன்னொரு வாட்டி வுட்டா தையல்லருந்து பேக்கிங்குக்கு மாத்திடுவேன்னாரு சூப்பர்வைசர். நான் தையல் கத்துக்கினது அட்டப்பொட்டி ஒட்டவா?"

"எழுதிக் குடுத்தியா?"

"பொங்கல் முடிஞ்சதுமே குடுத்தேன். பெல்ட்டையும் ஒரு நிமிஷம் தியானம் பண்ண சொல்லுங்கன்னு."

"அதுவரிக்கும்?"

"ஒரு கண்ணுல தியானம், ஒரு கண்ணுல பெல்ட்டு."

மூத்தவள் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் ஆனது.

"பதில் வந்துச்சா, இல்லியா?"

"இன்னிக்கித்தான் வந்துச்சு. நாளையிலருந்து அந்த நிமிஷம் பெல்ட்டு நிக்குமாம். நானும் தையல்லியே இருக்கலாமாம்."

"அப்போ நிம்மதியா மூச்ச கவனி."

"எங்கக்கா. அந்த நிமிஷத்துல மொதல்ல தண்ணி குடிக்கணும்."

அன்று ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.