ஒன்பது இல்லை, எட்டு

அவைத் தலைவர் அவர்களே, பதினோரு ஆண்டுகளாக அக்காவை எதிர்த்து வாதாடிய ஒளிபரப்பு நிலையத் தலைமைப் பொறியாளர் அவர்களே, அக்காவை இழந்து அமர்ந்திருக்கும் குடும்பத்தாரே, தோழர்களே, வணக்கம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "நீ பேசினா மீட்டர் ரீடிங் வாசிக்கிற மாதிரியே இருக்குடா" என்பார் ஆன்டெனா அக்கா. அப்படியே வாசித்துவிடுகிறேன்.

தொலைக்காட்சிக்கென ஒதுக்கி, ஆளில்லாமல் கிடக்கும் அலைவரிசைகளை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், உரிமம் வாங்காமலே எளியவர்கள் பயன்படுத்த வேண்டும் என்று வாதாடியவர் யார்? அக்கா! மலைமேல் சுகாதார நிலையத்து நர்ஸம்மா திரையில் டாக்டரின் முகம் பார்த்து மருந்து கேட்கிறாரே, காலி அலைவரிசையில் அந்த இணைப்பைப் போட்டது யார்? அக்கா! அதன் சோதனை அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்கலாமா என்று வியாழக்கிழமை கடைசி விசாரணை. அக்காவின் நாற்காலி காலி.

அந்தப் பழைய வேன் கண்ணிலேயே நிற்கிறது. காலி அலைவரிசை தேடி அக்காவும் நானும் தெருத்தெருவாகப் போவோம். "நில்லு நில்லு! வெறும் இரைச்சல்தான், ஒருத்தருமே இல்ல!" என்று ஹெட்போனைப் பிடித்தபடி சிரிப்பார். வெறும் இரைச்சலுக்கு இப்படி மகிழ்ந்த மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா?

அவரிடம் ஒரு வழக்கம். அளவீட்டு அறிக்கையை விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்புத் தலைமைப் பொறியாளருக்கு அனுப்புவார்.

"என்னக்கா, எதிராளி கையில நாமளே கத்தியக் குடுக்கிறதா?" என்று எகிறினேன்.

"தப்புக் கண்டுபிடிக்க அவருக்குத்தான்டா ஆசை. நம்மாளுங்க படிக்காமலே கைதட்டுவாங்க."

போன ஆண்டு, ஒன்பது அலைவரிசைகள் காலி என்று எழுதினோம். நேரமில்லை என்று நான்தான் குதித்தேன்; முன்கூட்டி அனுப்பவில்லை. விசாரணையில் தலைமைப் பொறியாளர் எழுந்தார். "ஆன்டெனாவ எங்க வச்சு அளந்தீங்க?"

வேன் கூரையில்! மொட்டை மாடியில் வைத்திருந்தால், அந்த ஒன்பதில் ஒன்றில் தூரத்து நிலையம் ஒளிபரப்புவது தெரிந்திருக்கும். அளந்தது நான். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு எங்களுது. ஒன்பது இல்ல, எட்டு" என்று சொல்லி உட்கார்ந்தார். முடிவு ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஓராண்டு அவரிடம் இல்லை என்று யாருக்குத் தெரியும்?

வெளியே வந்து திட்டினாரா? இல்லையே! "ஏணி ஏற பயமாடா உனக்கு? போ, டீ வாங்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

தலைமைப் பொறியாளர் அவர்களே! நேற்று ஏணி ஏறினேன். எட்டையும் மாடியிலிருந்தே அளந்தேன். வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதோ, உங்கள் பிரதி. சிவப்புப் பேனாவால் தாராளமாகக் கிழியுங்கள். மிஞ்சுவதை எடுத்துக்கொண்டு, நான் போய் அக்காவின் நாற்காலியில் உட்காருகிறேன்.