அரைக்காமல் வைத்த சொற்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பொன்னுச்சாமி ஐயா அவர்களே! எங்களைக் கண்டித்தும் காத்தும் வளர்க்கும் தலைமை ஆசிரியை அவர்களே! கம்ப்யூட்டர் என்னும் புதுமையை எங்கள் விரல்களுக்குப் பழக்கிய மைமூனம்மாள் டீச்சர் அவர்களே! காட்டு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலநீலிதநல்லூரிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், தூணோரம் அமர்ந்திருக்கும் பனவடலிசத்திரம் சங்கரபாண்டி பெரியப்பா அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'கணிப்பொறியின் பயன்கள்'. தமிழாசிரியை திருத்திக் கொடுத்த அந்த உரை வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கையில் இருப்பது வேறு. இதை வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதினேன். என் அப்பாவுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. தாள் கசங்கியிருப்பதைப் பார்த்து முன்வரிசைத் தங்கைகள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். கசங்கிய தாளிலிருந்தே படிக்கிறேன்.

பெரியோர்களே! போன ஆண்டு நம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மெஷின்கள் இரண்டு; மாணவிகள் முப்பத்திரண்டு பேர். எங்கள் பாடங்கள் எல்லாம் ஒரே பிளாப்பித் தட்டில் கிடந்தன. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி அழித்தாள். அழுகை வந்தது, சண்டை வந்தது. அப்போது டீச்சர் சொன்னார்: "ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் வச்சுக்கோங்க. அதை அடிச்சாத்தான் அவங்கவங்க பாடம் தெறக்கணும்." அந்தச் சொல்லுக்குப் பாஸ்வேர்டு என்று பெயர். அதற்கான புரோகிராமை எழுதியது யார்? நான். பன்னிரண்டாம் வகுப்பு முத்துமாரியம்மாள், வரிசை எண் பதினைந்து.

எப்படிப்பட்ட சொல்லை வைப்பது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் பெரிய மேதாவி போலச் சொன்னேன்: "மறக்கவும் கூடாது, யார்ட்டயும் சொல்லவும் கூடாது. அப்படி ஒண்ணை வைங்கட்டி." அது ஆடி மாதம். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து மூன்றாம் நாள். தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். தபசுக்குக் கோமதி அம்மனைச் சுற்றி வந்த பெண், மறக்காமலும் யாரிடமும் சொல்லாமலும் நெஞ்சில் வைத்திருப்பது எது? அம்மனிடம் கேட்ட வேண்டுதல் அல்லவா? முப்பத்திரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதைத்தான் வைத்தோம். ஆங்கில எழுத்தில், பன்னிரண்டு எழுத்துக்குள்.

நான் அந்தச் சொற்களை என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என் குற்றம். எண், பெயர், அதன் பக்கத்திலேயே ரகசியச் சொல் என்று, வந்தது வந்தபடியே பிளாப்பியில் எழுதி வைத்தேன். அறைக்குப் பூட்டு இருக்கிறது, சாவி டீச்சர் இடுப்பில் இருக்கிறது, இதற்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மார்கழியில் பிரிண்டர் வந்தது. மாணவிகளின் பெயர்களை அச்சடித்துப் பார்க்க எனக்கு ஆசை. பட்டனைத் தட்டினேன். கடகடவென்று ஓரத்தில் ஓட்டை போட்ட தாள் வந்தது. பெயர் வந்தது, பெயரோடு சொல்லும் வந்தது. பதறி நிறுத்தினேன். தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். கிழித்துப் போட்டேனா? இல்லை. பள்ளிக் குப்பைத் தாள் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கிருந்து பலகாரக் கடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை.

பனவடலிசத்திரம் பஸ் நிறுத்தம். சங்கரபாண்டி பெரியப்பா மகளுக்குக் காராச்சேவு வாங்குகிறார். பொட்டலத்தைச் சுற்றிய தாளில் ஆங்கில எழுத்து. டீக்கடையில் இருந்த காசி அண்ணனிடம் நீட்டுகிறார். பிறகு நடந்ததை அவர் மகள், என் வகுப்புத் தோழி முத்துத்தாய் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஏலே காசி, நீ பத்தாங்கிளாஸ் படிச்சவன்லா. இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி."

"அண்ணாச்சி, ஒங்க மக பேருல்லா இருக்கு! பதினாலு, எஸ். முத்துத்தாய்."

"எம் மக பேரா? இங்கிலீசுல அச்சடிச்சிருக்காவளா? சத்தமா வாசில, எல்லாரும் கேக்கட்டும்!"

எவ்வளவு பெருமை அந்தக் குரலில்! காசி அண்ணன் எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தார். "பக்கத்துல என்னமோ இருக்கு... மாப்ள... மாப்ள வேண்டாம்."

முத்துத்தாய்க்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் கருத்தப்பாண்டி மாமா பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்தார். "என்ன மச்சான், வீட்டுல சொல்ல வாயில்லாம, ஒம் மக பேப்பர்ல போட்டு ஊருக்குச் சொல்லுதாளோ?"

அன்றிலிருந்து முத்துத்தாய் பள்ளிக்கு வரவில்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள். என் பக்கத்து இருக்கை காலி. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தாயார் சங்கரம்மாள் பெரியம்மா வாசலிலேயே சொன்னார்: "அவ இனி வரமாட்டா தாயி." முத்துத்தாய் கொல்லைப்பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் ஆருட்டயும் சொல்லலட்டி. அம்மன்ட்ட சொன்னேன். அப்புறம் ஒன் மெஷின்ட்ட சொன்னேன். அம்மன் ஆருட்டயும் சொல்லல."

பெரியோர்களே! பொட்டலத்துக்காகக் கடைக்காரர் கிழித்த அந்தத் தாள் பதினான்காம் எண்ணோடு முடிந்திருந்தது. என் எண் பதினைந்து. ஒரே ஒரு வரியில் நான் தப்பினேன். தப்பியவள் இருபத்து மூன்று நாள் வாய் திறக்கவில்லை. "மெஷின் உளவு பார்க்குது, அறையைப் பூட்டு" என்று இந்த மன்றத்திலும் சிலர் சொன்னீர்கள். மெஷின் உளவு பார்க்கவில்லை. நான் வைத்ததை வைத்தபடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, வேறு எப்படி வைப்பது? 'சொல்லை வைக்காமல் சொல்லைச் சரிபார்ப்பது எப்படி?' என்று டீச்சரிடம், யாருக்கோ ஏற்பட்ட சந்தேகம் போலக் கேட்டேன். பெரிய ஊர்களில் சொல்லை அப்படியே வைப்பதில்லை, எண்ணாக மாற்றி அந்த எண்ணை மட்டும் வைப்பார்கள் என்றார். எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ரதவீதி முக்கில், இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் மாவு மில்லில். கேட்டேன்: "அண்ணாச்சி, இந்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா?"

"ஏட்டி, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? எந்த மெஷின்ல ஆகும்? ஒரு படி அரிசிய இன்னொருக்கா கொண்டா, இதே மாவா அரைச்சுத் தாரேன். மாவக் கொண்டாந்து அரிசி கேக்காத."

அதேதான்! சொல்லை அரைக்க வேண்டும். எழுத்துகளை எண்ணாக்கி, பெருக்கி, வகுத்து, மீதியை மட்டும் வைக்க வேண்டும். நாளைக்கு அதே பெண் அதே சொல்லைக் கொண்டு வந்தால், மறுபடி அரைத்து, இந்த மாவும் அந்த மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அரிசியைப் பாத்திரத்தில் வைக்கவே தேவையில்லை. இரண்டு பெண்கள் ஒரே சொல்லை வைத்தால் ஒரே மாவாகிவிடுமே என்று கேட்பீர்கள். ஒருத்தி அரிசியில் சீரகமும் இன்னொருத்தி அரிசியில் ஓமமும் போடுவதுபோல, அவரவர் வரிசை எண்ணையும் சேர்த்து அரைக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன்: சின்னச் சொல்லை வைத்தால், ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பவனும் உண்டு. ஆகவே நீளமான சொல்லை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய தட்டை அழித்துவிட்டேன். புதிய தட்டில் சொற்களுக்குப் பதிலாக இருப்பவை வெறும் எண்கள். பூட்டு உடையும். சாவி தொலையும். தாள் கடைக்குப் போகும். போகத்தான் செய்யும்! போனாலும் வாசிக்க ஒன்றும் இல்லாதபடி வைப்பதே வைப்பு. அன்று நான் அப்படி வைத்திருந்தால், காசி அண்ணன் டீக்கடையில் என்ன வாசித்திருப்பார்? "பதினாலு, எஸ். முத்துத்தாய், நாப்பத்தோராயிரத்து எழுநூத்தி ஆறு." கருத்தப்பாண்டி மாமா டீயைக் குடித்து முடித்திருப்பார். பெரியப்பா பெருமையோடு பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்.

என் சொல் என்ன என்று பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். அது என்னுடையது. முத்துத்தாயின் சொல்லும் அவளுடையது. அவள் அதைத் தந்தைக்கு எதிராக ஊரில் சொல்லவில்லை. நான்தான் அதைக் கைநழுவ விட்டேன்.

சங்கரபாண்டி பெரியப்பா! நீங்கள் இன்று வந்தது கூட்டத்துக்கு அல்ல, மகளின் படிப்பை நிறுத்த டி.சி. வாங்க என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தைப் பற்றிப் பேச எனக்கு வயதில்லை, உரிமையும் இல்லை. அதை உங்கள் மகள் உங்களிடம் பேசட்டும். நான் பேச வந்தது என் தவற்றை மட்டும். தண்டனை உண்டென்றால் இந்த மேடையில் நிற்கிற எனக்குத் தாருங்கள். அவள் வாங்கியது போதும்.

ஆபீஸ் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று டி.சி. இன்னொன்று அவளுடைய பொதுத்தேர்வு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். என்னால் முடிந்ததையெல்லாம் அதில் நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டிலும் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. பெரியப்பா, ஒன்றில் மட்டும் போடுங்கள்.

தலைப்பை மீறிய என்னைப் பொறுத்துக் கடைசிவரை கேட்ட தலைவர் அவர்களுக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும் நன்றி. என் பக்கத்து இருக்கையை நாளைக்கும் அவளுக்காகக் காலியாகவே வைத்திருப்பேன். அதில் அவள் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டு, உங்கள் எல்லாரையும் வணங்கி அமர்கிறேன்.