ரெண்டு சின்னக் கோடு

— ஆயிரத்து எண்ணூறு பேரோட அப்பாயின்ட்மென்ட் காணோம், டீச்சர். மொத்தமா. ஆஸ்பத்திரிக்காரங்க காலையிலேருந்து போன்ல என் காதைக் கிழிக்கறாங்க. நீ அனுப்பின ஒத்த கமாண்ட் வரி எல்லாத்தையும் முழுங்கிட்டுது.

— மெதுவாப் பேசு, இப்பதான் பாப்பா தூங்கினா. மூணு மாசமா பிரசவ லீவுல வீட்ல உக்காந்திருக்கேன். நான் எதை முழுங்கினேன்? ஓட்டினது நீ.

— எதை ஓட்டினேன்? நீ வாட்ஸ்அப் குரூப்புல போட்டதைத்தானே. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே காப்பி பண்ணி ஓட்டினேன்.

— நான் போட்டது ட்ரை ரன். எதையும் அழிக்காம, எதெல்லாம் அழியும்னு லிஸ்ட் மட்டும் காட்டற வரி.

— லிஸ்டும் காட்டல, ஒண்ணும் காட்டல. நேரா அழிச்சிருச்சு.

— அழிக்காது.

— அழிச்சிருச்சுங்கறேன், அழிக்காதுங்கறே. அங்க வரவேற்புல இருநூறு பேர் நிக்கறாங்க. வந்து அவங்ககிட்ட சொல்லு, அழிக்காதுன்னு.

— கத்தாதடா. குரூப்பைத் திற. ட்ரை ரன்னுக்கு முன்னாடி எத்தனை கோடு இருக்கு?

— என்ன கோடு?

— சின்னதா படுக்கக் கிடக்குமே, அந்தக் கோடு. எண்ணிச் சொல்லு.

— ஒண்ணு.

— நீளமா?

— ம்... ஆமா. கொஞ்சம் நீளம்தான்.

— நான் அடிச்சது ரெண்டு சின்னக் கோடு. என் போன் ரெண்டையும் ஒட்டி ஒரே நீளக் கோடா ஆக்கி அனுப்பியிருக்கு. நம்ம புரோகிராமுக்கு அது என்னன்னே தெரியாது. அந்த வார்த்தையைத் தள்ளிவிட்டுட்டு மிச்ச வேலையைப் பாத்திருக்கு.

— பாத்தியா, உன் தப்புதான்னு உன் வாயாலேயே சொல்லிட்டே.

— என் தப்பா? புரியாத வார்த்தை வந்தா புரோகிராம் நிக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம் டீச்சர்'னு சொன்னது எந்த வாயி?

— பழசைக் கிளறாத. அனுப்பறவ பாத்து அனுப்பணும்.

— ஒரு கையில பாலுக்கு அழற பிள்ளை, இன்னொரு கை கட்டைவிரலால உனக்கு டைப் அடிச்சிருக்கேன். பாத்து வேற அனுப்பணுமா? லீவுல இருக்கறவளைத் தினமும் நோண்டறோமேன்னு உங்கள்ல ஒருத்தருக்காவது கூச்சம் இருக்கா? நேத்து ஒருத்தன் பாஸ்வேர்ட் மாத்தறது எப்படின்னு கேக்கறான். இதுக்குத்தானே வயித்தைத் தள்ளிக்கிட்டு உக்காந்து, நீங்க வச்ச டீச்சர்ங்கற பட்டப்பேருக்கு ஏத்த மாதிரி, ஆபீஸ் சிஸ்டத்துல நாப்பது பக்கம் நோட்ஸ் எழுதி வச்சேன்? இந்த வரியும் அதுல இருக்கு, கட்டம் கட்டி, எந்தப் போனும் கோட்டைத் தொட முடியாத மாதிரி. எடுத்துப் படிக்கறதுக்கு உனக்கு என்ன கேடு?

— சரி, சரி. சண்டை போட நேரமில்ல. பன்னெண்டு மணிக்குள்ள மேலிடத்துக்கு ரிப்போர்ட் குடுக்கணும். தப்பான வரியை அனுப்பினது நான்தான்னு ரெண்டு வரி மெயில் போட்டுடு. மிச்சத்தை நான் சமாளிச்சுக்கறேன்.

— போட்டா என்ன ஆகும்?

— ஒண்ணும் ஆகாது. லீவுல இருக்கறவளை யார் என்ன பண்ணப் போறாங்க?

— அடுத்த மாசம் நான் திரும்பி வரணும்டா. எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயி அஞ்சு மாசம் ஆச்சு, உனக்கே தெரியும். இந்த ஒரு வேலையை நம்பித்தான் மூணு வயிறு இருக்கு.

— தெரியும், தெரியும். அதான் என்னை நம்புங்கறேன். உன் சொந்த மெயில்லேருந்து அனுப்பு.

— சொந்த மெயில் எதுக்கு? ஆபீஸ் மெயில்லேருந்தே அனுப்பறேனே.

— அது... ஏதோ மக்கர் பண்ணுதாம். அதை விடு. முதல்ல பேக்கப்பைத் திருப்பி ஏத்தறது எப்படின்னு சொல்லு.

— நோட்ஸ்ல கடைசித் தலைப்பு. சிவப்பு எழுத்து.

— உன் நோட்ஸ் திறக்கலயே.

— திறக்கலன்னா?

— திறக்கல. நானும் மூணு தடவை அமுக்கிப் பாத்துட்டேன். 'இதை எழுதியவர் பதிவில் இல்லை'ன்னு வருது.

— எப்போலேருந்து?

— வெள்ளிக்கிழமையிலேருந்து. அதனாலதானே உன்கிட்ட குரூப்புல கேக்க வேண்டியதாப் போச்சு.

— நம்ம டீம்ல இருந்தானே தாடிக்காரன், அவன் வேலையை விட்டுட்டுப் போன அன்னிக்கு அவன் பக்கமெல்லாம் இப்படித்தான் மூடிக்கிச்சு. லீவுல போறவங்களுக்கு மூடாது.

— டீச்சர்...

— என் பேரை எடுத்துட்டீங்களா?

— நான் எடுக்கல. மேல முடிவு பண்ணாங்க. மாசக் கடைசியில பக்குவமா சொல்லலாம்னு...

— பக்குவமா. நாலு நாளா வேலையில இல்லாதவகிட்ட ஓசியில வேலை வாங்கியிருக்கே. இப்ப பழியையும் வாங்கிக்கோன்னு நீட்டறே. எட்டு வருஷம் ஒரே மேஜையில உக்காந்தோம்டா. வெக்கமா இல்ல?

— இருக்கு. போதுமா? எவ்வளவு வேணா அப்புறம் திட்டு. நோயாளிங்க நிக்கறாங்க. பேக்கப்பை எப்படி ஏத்தறதுன்னு மட்டும் சொல்லிடு, உன் கால்ல விழறேன்.

— எனக்கு ஞாபகம் இல்லடா. நிஜமாவே இல்ல. எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியா பிள்ளை பெத்துக்கலாம்னுதான் எழுதி வச்சேன்.

— அப்ப இதுக்கு என்னதான் வழி?

— பதிவுல என் பேர் ஏறினா பக்கம் தானா திறக்கும். ஓடு, மேல போய் என்னை வேலைக்குச் சேத்துட்டு வா.