பெல்ட்டைக் கழட்டாத

— மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு பஸ்ஸை விட்டு எறங்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. மூணாவது தடவையும் பெயிலு, அப்படித்தானே ஷாலினி?

— மொதல்ல பையை வாங்கு நைனா. மெட்ராஸ்லேர்ந்து திண்டிவனம் வரிக்கும் நின்னுக்கினே வந்திருக்கேன்.

— தோ பாரு, பேஜாரு பண்ணாத. போன்லயும் சொல்லமாட்டேன்னுட்ட. காலையிலேர்ந்து நான் பச்சத்தண்ணி குடிக்கல.

— வண்டில மீன் பொட்டி எங்க?

— கழுவிக் காய வெச்சிருக்குது. பேச்சை மாத்தாம ஏறு.

— பாஸ் நைனா.

— இன்னாது?

— பாஸாயிட்டேன். சர்டிபிகேட்டு பையில இருக்குது.

— அப்பாடா. மாரியாத்தா காப்பாத்தினா. இரு, வண்டிய ஓரங்கட்டிட்டு செத்த ஒக்காந்துக்கறேன்.

— நெஞ்சு வலிக்குதா?

— அதெல்லாம் இல்ல. சந்தோசம்டி. தோ டீக்கடை, வா, ஒரு டீ குடிச்சுட்டு மரக்காணம் போலாம்.

— நான் பெயிலாவணும்னுதானே நீ வேண்டிக்கினு இருந்த?

— யாரு சொன்னது?

— யாரு சொல்லணும்? நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கற எடத்துல பொம்பளப் புள்ளைக்கி இன்னா வேலைன்னு குதிச்சது யாரு?

— குதிச்சேன்தான். போட்டுன்னா அலையோட சேந்து ஆடும். உன் பிளாட்பாரம் ஆடவும் ஆடாது, நவுரவும் நவுராது. புயல் வந்தா எங்க ஓடுவ?

— எத்தினி தடவை சொல்றது? கடலுக்கடியில தரைக்குள்ள இரும்புத் தூணை அடிச்சு எறக்கி நாலு காலையும் நட்டுட்டாங்க. மேல மாடியும் தூக்கி வெச்சாச்சு. புயல்னா முன்னாடியே ஹெலிகாப்டர்ல கூட்டிக்கினு வந்துடுவாங்க. அடுத்த மாசம் மொத எண்ணெய் மேல வருது நைனா. அதை லேப்புல டெஸ்ட் பண்ணப்போற மொத ஆளு நான்தான்.

— அப்பாதுரை பொண்ணு கடல்லயே வளந்தவ, நீச்சல் கொளத்துல ரெண்டு தடவை பெயிலுன்னு குப்பமே சிரிச்சுது.

— எல்லாம் உன்னாலதான். ஹெலிகாப்டர் கடல்ல வுழுந்தா தப்பிக்கத் தெரியணும்னு, அதே மாதிரி கூண்டு செஞ்சு, பெல்ட் போட்டு ஒக்கார வெச்சு தண்ணில முக்கறாங்க. அது தலைகீழாப் பொரண்டு நின்ன அப்புறந்தான் பெல்ட்டைக் கழட்டணும். நீ இன்னா சொல்லிக் குடுத்த? போட்டு சாயறப்பவே எட்டிக் குதிச்சிடுன்னு. தண்ணி முட்டியத் தொட்டதும் என் கை தானா பெல்ட்டைக் கழட்டிடுச்சு. கூண்டு பொரள, நான் உள்ளாரயே உருண்டு, ஜன்னல் எந்தப் பக்கம்னே தெரியல. ரெண்டு தடவையும் காவலுக்கு நின்ன நீச்சக்காரரு வந்துதான் இழுத்துப் போட்டாரு.

— கூட வந்தவங்க?

— விழுப்புரத்துக்காரரு கோதண்டபாணின்னு ஒருத்தரு, நீச்சலே தெரியாது. பயத்துல சீட்டோட ஒட்டிக்கினு ஒக்காந்திருந்தாரு. மொத தடவையே பாஸு.

— நல்லா இருக்குது ஞாயம். அப்ப இன்னிக்கி நீ எப்படி ஒக்காந்த?

— ஒரு கையால ஜன்னலைப் புடிச்சிக்கினு, உன்னைத் திட்டிக்கினே ஒக்காந்திருந்தேன்.

— என்னையா? நான் இன்னாடி பண்ணேன்?

— பங்குனில போட்டுலயே நெஞ்சைப் புடிச்சிக்கினு சாஞ்சியே. பார்த்திபன் மாமா தூக்கிக்கினு வந்து சேத்தாரு. இனிமே வலையத் தொடாதன்னு டாக்டரு சொன்னாரு, கேட்டியா? நான் ரெண்டாவது தடவையும் பெயிலானப்புறம்தான், மூணாவது தடவை நீ பாஸ் பண்ணா நான் கடலை வுட்டுடறேன், பெயிலானா நீ அந்த வேலைய வுட்டுட்டு ஊட்டுக்கு வந்துடணும்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ண. அதான், இப்ப பெல்ட்டைக் கழட்டினா இந்த ஆளு நாளைக்கும் போட்டைத் தள்ளிக்கினு போவும், கழட்டாத, கழட்டாதன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். மூக்குல தண்ணி ஏறிச்சு. கூண்டு பொரண்டு நின்னுது. அப்புறந்தான் கழட்டினேன்.

— டீ ஆறுது, குடி.

— சத்தியம் ஞாபகம் இருக்குதில்ல? இனிமே நீ கடலுக்குப் போவக்கூடாது.

— போவல.

— இன்னா நைனா, சண்டைக்கி வருவன்னு நெனச்சேன். இவ்ளோ சுளுவா ஒத்துக்கற?

— மீன் பொட்டி எங்கன்னு கேட்டியே. பார்த்திபன் ஊட்ல இருக்குது. போட்டும் வலையும் அவன்கிட்டதான். நீ ரெண்டாவது தடவை பெயிலான மறுநாளே குடுத்துட்டேன்.

— அப்பவேவா? ஏன்?

— நீ தண்ணிக்குள்ள இருந்த நேரம் நானும் உங்கம்மாவும் போனைப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தோம். எனக்கு மூச்சே வரல. அவ பாட்டுக்கு கீரை ஆஞ்சிக்கினு இருந்தா. எப்படிடி உன்னால முடியுதுன்னு கேட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பழக்கம்தானேன்னா. அதுக்கப்புறம் போட்டைத் தள்ள மனசு வரல.

— அன்னிக்கி சாயங்காலம் நான் போன்ல அழுதேனே. பயமா இருக்குது, வேணாம் நைனா, வந்துடறேன், நீ மட்டும் கடலுக்குப் போவாதன்னு கெஞ்சினேனே. மறுநாளே குடுத்துட்டு அப்புறம் எதுக்கு அந்த சத்தியம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

— சொல்லியிருந்தா நீ மூணாவது தடவை தண்ணில எறங்கியிருக்கவே மாட்டியேடி.