கத்தரி பிடிக்கிற கை

— அந்த ஆஸ்பத்திரி ஃபைலை எங்க கொண்டு போறீங்க? ஒளிச்சு வைக்க வேணாம். நான் படிச்சாச்சு.

— யாரும்மா ஒளிச்சா? சத்தியமா, மேஜையத்தான் ஒதுக்குறேன்.

— இருபது வருஷமா உங்களோட குடித்தனம் பண்றவகிட்ட பூசி மெழுகாதீங்க. வீங்கின கைக்குக் கட்டு போடுற ஆஸ்பத்திரிப் பொண்ணு இன்னைக்குக் கேக்குறா, "ரெண்டு வழி சொன்னாங்களே, ஏன் ஆபரேஷனை எடுத்தீங்க?"ன்னு. நான் திருதிருன்னு முழிக்கிறேன்.

— அட, விடும்மா. சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?

— டாக்டரம்மா எழுதினதைத்தான் காட்டினா. மார்பை எடுத்தப்பவே அக்குள் நெறிக்கட்டி ஒன்னுல புற்று இருந்துச்சாம். மிச்சத்தையும் வெட்டி எடுக்கலாம், இல்ல அந்த இடத்துக்கு ரேடியேஷன் குடுக்கலாம். நோயை அடக்குறதுல ரெண்டும் ஏறக்குறைய ஒன்னுதான். வெட்டினா கை வீங்குறது ஜாஸ்தி. என்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு வந்தீங்களாமே, கேட்டீங்களா?

— நீ துவண்டு போய்ப் படுத்திருந்தம்மா...

— காது கேட்டுச்சுல்ல? ஆபரேஷனை விட்டா வேற வழியே இல்லன்னு சொல்லி, விரலை வச்சுக் காட்டின இடத்துல கையெழுத்து வாங்கினீங்களே!

— ரேடியேஷன்னா அஞ்சு வாரம் தினமும் அலையணும்...

— ஓ, அலைச்சலா?

— அது மட்டுமில்லம்மா, சத்தியமா. உள்ள எதையாவது விட்டு வச்சா நீ எனக்கு இல்லாம போயிடுவியோன்னு பயம். வெட்டி எறிஞ்சிட்டா நிம்மதின்னு நெனச்சேன். கை இப்படி வீங்கும்னு நெனைக்கல.

— கத்தரியில விரல் நுழைய மாட்டேங்குதுங்க. வெட்ட வேண்டிய யூனிஃபார்ம் துணி பீரோ மேல குவிஞ்சு கெடக்கு. ஆத்திரத்துல மெஷினை மூடி வச்சுட்டு அழுதேன். கூட இருந்தே கழுத்தறுத்துட்டீங்களே.

— மன்னிச்சிடும்மா.

— ...சரி. பயம் எனக்கும்தான் இருந்துச்சு. நான் பொழைக்கணும்னு நெனச்சீங்க, அதை எப்படிக் குத்தம் சொல்ல? கண்ணைத் தொடைங்க. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. நான் என்ன வேலை பாக்குறேன்னு டாக்டரம்மா கேட்டாங்களா?

— கேட்டாங்க.

— நாள் பூரா துணி வெட்டித் தைக்கிறவள்னு தெரிஞ்சுமா சரின்னாங்க?

— "வேலையெல்லாம் ஒன்னுமில்ல டாக்டர், வீட்டுல சும்மாதான் இருக்கா"ன்னு சொன்னேன்.